மாஸ்டரின் வலது கை

வலது கையை முதலில் விட வேண்டும். பலமில்லாத கைக்கு முதலில் சட்டை, நல்ல கைக்குப் பிறகு. கழற்றும்போது நல்ல கை முதலில். ஐந்து மாதமாக இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, அம்மா மறந்து, மறுபடியும் சொல்லிக்கொடுத்து வந்தாள் பெரியவள். இப்போதும் அவள் வெள்ளைச் சட்டையின் வலது கையைத்தான் சுருட்டிப் பிடித்து, அப்பாவின் விரல்களை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ஏறிய பிறகுதான் உறைத்தது, இனி எந்தக் கையை முதலில் விட்டாலும் ஒன்றுதான் என்று.

அந்த விரல்கள் ஐந்து மாதமாக உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தவை. தினமும் இருபது நிமிஷம் நீவி நீவித்தான் திறக்க வேண்டும். விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். இன்று காலை ஆறு மணியிலிருந்து அவை சொன்ன பேச்சைக் கேட்டன. ஒவ்வொன்றாக நீட்டினாள், நீட்டியபடியே கிடந்தன. பிசியோதெரபிஸ்டாகப் பதினான்கு வருஷம் எத்தனையோ பேரின் கைகளைத் திறந்தவளுக்கு, இந்தக் கை இவ்வளவு சுலபமாகத் திறந்ததுதான் தாங்கவில்லை.

"பட்டனை நீ போடும்மா" என்றாள்.

அம்மா போட்டாள். மேல் பட்டன் வரை போட்டு, பிறகு அதை மட்டும் கழற்றிவிட்டாள். அவருக்குக் கழுத்து இறுக்கினால் பிடிக்காது.

எட்டு மணிக்கே வாசலில் வண்டிகள் சேரத் தொடங்கின. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் வண்டியைக் கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவருவதுதான் வழக்கம். இங்கே ஒவ்வொருவரும் முன்னே போய், பின்னே வந்து, சாலை ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் விட்டு நிறுத்தி, இறங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பாங்க் மேனேஜர் அம்மாள் மட்டும் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, திரும்பிப் போய் வண்டியை நேராக்கிவிட்டு வந்தார். அப்பாதான் ஊருக்கு மாஸ்டர். எல்லாரும் அவரிடம் டிரைவிங் கற்றவர்கள். ஊரில் பாதிப் பேருக்கு நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள் என்று யாராவது புகழ்ந்தால், "ஆமா, மீதிப் பாதிதான் இடிச்சுக்கிட்டுத் திரியுது" என்பார் அவர். புகழ்ந்தவர் சிரிப்பார். அவர் சிரிக்கமாட்டார்.

கட்டிலின் தலைமாட்டில் தரையில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு முந்தாநாள்தான் வீட்டுக்குள் கால் வைத்தவன். வந்தவர்கள் அவனைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் தெரிந்ததும் அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"வியாழக்கெழமை சாயந்திரம். இவன் வந்து நின்னான். அஞ்சு மாசமா அசையாத கை, இந்த வலது கை. இப்படியே தூக்கினாருங்க. தூக்கி, பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காமத்தான் போயிருக்காரு."

சொல்லும்போது தன் வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். எட்டரை மணிக்கு அந்தக் கை தோள் வரை வந்தது. ஒன்பதரைக்குக் காதைத் தாண்டியது. பத்தரைக்குத் தலைக்கு மேலே போய், உள்ளங்கையும் விரிந்துவிட்டது. கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சின்னவனைப் பார்த்தார்கள். "உனக்காகத்தாம்பா உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு" என்றார் ஒருவர். சின்னவன் குனிந்தே இருந்தான்.

ஒவ்வொரு முறையும் பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டம்ளர் கழுவ வேண்டும், டீக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று ஏதோ ஒன்று. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். அது ஆசீர்வாதம் இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டியபோது, அப்பாவுக்குப் புரியும்படி சொன்னவளும் அவள்தான். மூளையின் மேல்பரப்பில் கைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், வாய்க்கு ஓர் இடம். மூன்றிலிருந்தும் கிளம்பும் நரம்பிழைகள் கீழே இறங்கும்போது, மூளையின் நடுவே ஒரு குறுகலான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கடுகளவு அடைப்பு விழுந்தால் போதும், கை, கால், வாய் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். அப்பாவுக்கு அதுதான் நடந்தது.

அப்போது அவருக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது. "க்ளட்ச் வயர்" என்றார், குழறிக்கொண்டு.

"அதேதாம்ப்பா. எஞ்சினும் நல்லாருக்கு, கியர்பாக்ஸும் நல்லாருக்கு. நடுவுல வயர் அறுந்திருக்கு. நீங்க மிதிக்கிறது கீழ போய்ச் சேரல."

அவர் தலையாட்டினார். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. வெளியே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அடைப்பு எடது பக்கம்ங்கறாங்க, வலது கையில்ல போயிருக்கு? டாக்டருக்கு எடது வலது தெரியுமாடி?"

"மண்டை முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற எடத்துல அந்த நரம்பு முக்காவாசி பக்கம் மாறிப் போகுதும்மா. எடது மூளை சொல்றது வலது கைக்குப் போகும்."

"அவ்வளவு நரம்பு குறுக்கே போற எடத்துல ஒரு சிக்னலாவது வெச்சிருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள், கை தூக்கிவிட்டார் என்று. பெரியவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் கொட்டாவி வந்தது. வாய் பெரிதாகத் திறக்கத் திறக்க, செத்த கை தானாகப் போர்வையிலிருந்து கிளம்பி முழங்கை மடங்கி மேலே வந்தது. வாய் மூடியதும் பொத்தென்று விழுந்தது. அப்பாவே அதை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கொட்டாவிக்கு மூளையோட மேல் மாடியக் கேக்க வேண்டாம்மா" என்று அன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள். "மூச்சு, தூக்கம் இதெல்லாம் பாத்துக்கிற எடம் அடியில இருக்கு. அங்கேருந்து வேற ஒரு பழைய வழி கீழ எறங்குது. அது அறுந்து போகல. கொட்டாவி வரும்போது கையும் அதுல சேந்து மேல வந்துடும். அவரா தூக்கல."

அம்மா நம்பாமல் "ஏங்க, இன்னொரு தடவை தூக்குங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். கை அசையவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதையெல்லாம் அம்மா இப்போது மறந்துவிட்டாள். வேண்டுமென்றே மறந்திருந்தாலும் அவளைக் குறை சொல்ல முடியாது.

சின்னவன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டருக்கு அச்சடித்த குறிப்பேடு ஒன்று உண்டு. தேதி, பயிற்சி, நிலை, பயிற்சி கொடுத்தவர் கையொப்பம் என்று நான்கு கட்டம். நிலை என்பதில் இல்லை, பாதி, முழு என்ற மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாம். எல்லா வரியிலும் முழு விழாமல் யாரையும் அவர் லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பியதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், அவசரப்பட்ட ஒரு ஆளுக்குச் சின்னவன் ரிவர்ஸ் என்ற வரியில் முழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டான். அந்த ஆள் லைசென்ஸ் வாங்கிய மறுவாரம் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து, கடை வாசலில் நின்றிருந்த ஒரு பெண்ணின் இடுப்பை உடைத்துவிட்டான். மாஸ்டர் ஸ்கூலை ஒரு மாதம் மூடினார். வாராவாரம் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தார். மகனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

சின்னவன் அவருக்குப் பிறந்தவன்தானே. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா விழுந்த பிறகு, மிச்சமிருந்த குறிப்பேடு ஒன்றை எடுத்துப் பெரியவள் அவருக்கு வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் நூல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டாள். வலது தோள்: இல்லை. வலது விரல்: இல்லை. வலது முழங்கால்: பாதி. கடைசி வரி சிரிப்பு. முகத்து நரம்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பதற்கான சோதனை அது. தினமும் காலை வேலைக்குக் கிளம்பும் முன் கேட்பாள். "அப்பா, பல்லைக் காட்டுங்க. ம், சிரிங்க." அவர் கடமைக்கு இழுப்பார். வாயின் இடது ஓரம் மட்டும் ஏறும், வலது ஓரம் இருந்த இடத்திலேயே இருக்கும். பாதி என்று எழுதிக் கையொப்பம் போடுவாள். இப்படி நூற்று நாற்பது வரிக்கு மேல் பாதி, பாதி, பாதி. பேச்சு மேலும் குழறியபோது, பாதிப் பேச்சுப் பேசுவதைவிடப் பேசாமலே இருக்கலாம் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். பிடிவாதத்துக்கு மட்டும் எந்த நரம்பும் அறுபடவில்லை.

போன வாரம் சளி நெஞ்சுக்கு இறங்கியது. இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்ததும் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அப்பாவிடமும் சொன்னாள். "சின்னவன் வர்றாம்ப்பா." வரட்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நல்ல கையான இடது கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயந்திரம் அவள் தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. உள்ளே வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டாள். அறை வாசலில் முதலில் ஒரு முதுகு தெரிந்தது. சின்னவன் பின்பக்கமாக நடந்து வந்தான். தோளுக்கு மேலாக இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை, காலால் தரையைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு அடியாக. அவனுக்கு முன்னால், அறைக்கு வெளியே, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் தோள் மறைத்ததில் அவளுக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை.

"மாஸ்டர், மூஞ்சியில முழிக்காதேன்னீங்க" என்றான், முதுகைக் காட்டியபடியே. "அதான் ரிவர்ஸ்ல வர்றேன். கண்ணாடி பாத்துட்டேன். பின்னாடி யாரும் இல்ல."

அப்போது பெரியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குக் காரணம் எதுவும் இல்லை, தலையணையைப் பிடித்திருந்ததால் பார்த்தாள். அந்த முகம் சிரித்தது. இடது ஓரம் ஏறியது, வலது ஓரமும் ஏறியது. இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது, வலது கண்ணும் சேர்ந்து சுருங்கியது. நோயே வராதவர் முகம்போல இருந்தது. மூன்று எண்ணும் நேரம் இருந்திருக்கும். பிறகு சிரித்ததைத் தானே கண்டுபிடித்துவிட்டவர்போல் அப்பா முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டார். முகம் மறுபடி கோணியது. இடது கை கம்பியை விடவே இல்லை.

அதன் பிறகுதான் கொட்டாவி வந்தது. வலது கை எழுந்தது. "கை, கை! தூக்கறாருடா!" என்று அம்மா கத்தினாள். சின்னவன் திரும்பினான். தன்னை நோக்கி உயர்ந்திருந்த கையைப் பார்த்தான். அது கீழே விழுவதற்குள் இரண்டு கையாலும் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

அந்தச் சிரிப்பை அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. சரியாகச் சொன்னால் வயிறு எரிந்தது. ஏழு வருஷம் எட்டிப் பார்க்காதவனுக்கு மூன்று நொடியில் கிடைத்தது, ஐந்து மாதம் மலமும் மூத்திரமும் எடுத்தவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. அதை ஓட்டியவரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். பெட்டியை ஏற்றியதும் சீட்டில் உட்கார்ந்து, நடுக் கண்ணாடி, இடது கண்ணாடி, வலது கண்ணாடி என்று மூன்றையும் பார்த்து, எதிரே யாருமே இல்லாத தெருவில் சிக்னல் போட்டுவிட்டு நகர்ந்தார். மயானத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது மணி ஐந்து. அம்மாவைப் பக்கத்து வீட்டம்மாள் படுக்க வைத்தாள். தம்பியைக் காணவில்லை. பெரியவள் வீட்டுப் பின்பக்கம் போனாள். கொட்டகையில் ஸ்கூல் கார் தூசி படிந்து நின்றது. உள்ளே, கற்றுக்கொள்கிறவர் சீட்டில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னவன் உட்கார்ந்திருந்தான். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் மாஸ்டர் மிதிப்பதற்கு.

"ஸ்டார்ட் ஆகல" என்றான்.

"அஞ்சு மாசமா யாரு எடுத்தா? பாட்டரி எறங்கியிருக்கும்."

பக்கச் சுவரில் மாஸ்டர் சாக்பீஸால் கிழித்திருந்த கோடு இன்னும் இருந்தது. வண்டியின் முன்பக்கம் அதைத் தாண்டக் கூடாது.

"அக்கா."

"ம்."

"அம்மா அந்தக் கை விஷயத்த ஆரம்பிச்சாலே நீ எழுந்து போயிடறே. காலைலேருந்து பாக்கறேன். பத்துத் தடவையாவது போயிருப்பே."

அவள் டாஷ்போர்டின் தூசியை விரலால் துடைத்தாள்.

"நீ இதெல்லாம் படிச்சவ. அவருக்கு எது முடியும், எது முடியாதுன்னு உனக்குத்தான் தெரியும். சொல்லு. அவரு எனக்காகத்தான் கை தூக்கினாரா?"

"இப்ப எதுக்குடா அது?"

"இல்லக்கா, சொல்லு. நாளைக்கு நான் ஊருக்குப் போகணும். முப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டறேன். தெனம் அந்தப் பொம்பளையோட இடுப்புதான் கண்ணாடியில தெரியுது. அப்பா மன்னிச்சுட்டாருன்னா மன்னிச்சுட்டாரு. இல்லன்னா இல்ல. நீயாவது எனக்குப் பொய்யா லைசென்ஸ் குடுத்துடாதே."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஊரே சொல்வதைத்தான் அவளும் சொல்வாள். அவன் நிம்மதியாகப் பஸ் ஓட்டுவான். ஆனால் கேட்பது பொய் எழுதியதற்காக வீட்டைவிட்டுப் போனவன்.

"கொட்டாவி" என்றாள்.

"என்னது?"

"அது கொட்டாவிடா. கொட்டாவி விடும்போது அந்தக் கை தானா மேல வரும். ரெண்டாவது மாசத்துலேருந்தே வந்துட்டிருக்கு. அவரு தூக்கல."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் இருந்த கட்டை விரல் மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் போய்வந்தது.

"நல்ல கை?" என்று கேட்டான். "எடது கை நல்லாத்தானே இருந்துச்சு. அதால கூப்பிட்டிருக்கலாமே."

"கம்பியப் பிடிச்சிருந்தாரு."

"விடலியா?"

"விடல."

சின்னவன் தலையாட்டினான். அப்பா ஸ்கேனைப் பார்த்துத் தலையாட்டிய அதே மாதிரி. "சரி" என்றான். "சரிக்கா. இப்படிச் சொல்றதுதான் நல்லது." கதவின் பிடியில் கை வைத்தான்.

இத்தோடு விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னது அத்தனையும் உண்மை, ஒரு எழுத்துப் பொய்யில்லை. மற்றது அவள் ஒருத்தி பார்த்தது. சொல்லாவிட்டால் அது அவளோடு இருக்கும், அப்பாவின் முழுச் சிரிப்பைக் கடைசியாகப் பார்த்தவள் அவள் ஒருத்தியாகவே இருப்பாள். அந்த ஆசை அவளுக்கு இருந்தது. அவளுடைய வலது கால் அவளறியாமல் அப்பாவின் பிரேக் மேல் போய் நின்றிருந்தது. அதைப் பார்த்தாள். காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இரு" என்றாள். "நீ அவரு கையத்தான் பாத்தே. மூஞ்சியப் பாக்கல."

"எங்க பாக்க? முதுகைக் காட்டிட்டுத்தானே வந்தேன்."

"நீ ரிவர்ஸ்ல வந்தப்ப அவரு சிரிச்சாரு."

அவன் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"கொட்டாவிக்கு முன்னாடி. ரெண்டு பக்கமும். கன்னத்துல குழி விழுந்துச்சு."

"அந்த மாதிரி அவரால சிரிக்க முடியாதுன்னு அம்மா சொன்னாளே. கோணிக்கும்னு."

"நெனச்சா முடியாது. சிரிக்கணும்னு நெனச்சா அது போற வழி வேற, அது அறுந்துபோச்சு. தானா வர்ற சிரிப்புக்கு வழி வேற. அது அவரக் கேக்காது. அவரு கம்பியப் பிடிச்சுட்டு முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்னு படுத்திருந்தாரு. அதையும் மீறி வந்துடுச்சு. வந்ததும் அவருக்கே கோவம். உடனே மூஞ்சிய மாத்திக்கிட்டாரு."

"நெசமாவா?"

"உனக்குப் பொய் லைசென்ஸ் குடுத்து எனக்கு என்னடா ஆகணும்?"

சின்னவன் சிரிக்கப் போய், அழுகை வந்து, ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகில் கை வைக்கவில்லை. வைத்தால் தானும் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

வெகு நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டான். "உன்கிட்ட அப்படிச் சிரிச்சிருக்காராக்கா? இந்த அஞ்சு மாசத்துல?"

அவள் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தாள். தினமும் காலையில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மணியைப் பார்த்துக்கொண்டு, சிரிங்க என்று சொன்னது ஞாபகம் வந்தது. சிரிங்க என்றால் அந்தச் சொல் அறுந்த வழியாகத்தான் கீழே போக வேண்டும். இதைப் படித்தவள், பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள். அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது அவரிடம் ஒரு வேடிக்கை சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"நான் சிரிங்க சிரிங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள். "சிரிக்க வெக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. கட்டிலை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர்கள். வேறொரு வீட்டில் கட்டிலுக்குக் காத்திருக்கிறார்கள், இன்றைக்கே வேண்டும் என்று காலையிலேயே தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்கள்.

இரண்டு பேர் உள்ளே வந்து மெத்தையை மடித்தார்கள், சக்கரங்களின் பூட்டைத் திறந்தார்கள். "கம்பியில ஏதோ நோட்டுக் கட்டியிருக்கும்மா" என்றார் ஒருவர். நூல் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பெரியவள் நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள்.

ஜன்னலோரம் நின்று கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வியாழக்கிழமை காலை வரை வரிகள் இருந்தன. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். பையிலிருந்து பேனாவை எடுத்து மறுபடி வியாழக்கிழமை தேதியையே போட்டாள். பயிற்சி என்ற கட்டத்தில் சிரிப்பு என்று எழுதினாள். நிலை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. முழு என்று எழுதினாள்.

நான்காவது கட்டத்தில் அவள் கை வைக்கவில்லை. நோட்டையும் பேனாவையும் தம்பியிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடு."

"நானா?"

"பயிற்சி குடுத்தவர்னு போட்டிருக்கு பாரு."

அவன் நோட்டை வாங்கினான். மேலே வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த பாதிகளை, ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த அக்காவின் கையெழுத்தை, விரல் வைத்துக் கீழே வரை பார்த்தான். கடைக்காரர்கள் கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் பிடித்தவர் வாசலுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்தார். "நிலைப்படி இருக்கு, பாத்து வாங்க" என்று பெரியவள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது சின்னவன் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அந்த ஒரு வரியை மறுபடி படித்துக்கொண்டிருந்தான்.